பக்கெட் தரையில கெடக்கா?

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்குத் தட்டு வெட்டவும், குளத்துக் கரை போடவும், வீட்டுமனைக்கு மண் தள்ளவும் ஓடின பழைய செயின் லோடர் ஒன்று என்னிடம் இருக்கிறது. சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும், முன்னால் மண் வாரும் பக்கெட் இருக்கும். 1970-களில் செய்த வண்டி. இப்போது எந்த வேலைக்கும் ஜேசிபியும் ஹிட்டாச்சியும் வந்துவிட்டன. ஆனாலும் சரிவான இடத்தில் வேரோடு மண்ணை வாரித் தள்ள இதை விட்டால் ஆள் கிடையாது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்த பிறகு தோட்டம் தோட்டமாக விழுந்து கிடந்த ரப்பரை ஒதுக்க இந்த வண்டி மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடியது. டிராக்கின், அதாவது அந்தச் செயினின், ஆயுசில் பாதி அங்கேதான் போயிற்று.

ரிப்பேர் எல்லாம் வீட்டுப் பின்னால்தான். செயின் வண்டியைத் தார் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோக வண்டி ஏற்றுகிற தாழ்ந்த தளம் உள்ள லோபெட் லாரி பிடிக்கணும். எங்கள் பக்கத்து வளைவுகளில் அது திரும்புவதே பெரும்பாடு. லாரி வாடகையைக் கேட்டால் சின்ன ரிப்பேர் தானாகவே வீட்டு வேலையாகிவிடும். இதே நிலைமையில் இருப்பவர்கள் மாவட்டத்தில் இன்னும் சிலர் உண்டு. அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேலை சொல்லித் தந்தவர் எஸ்டேட் வண்டிகளிலேயே காலம் கழித்த ஒரு மெக்கானிக். ஊரில் எல்லாருக்கும் அவர் ஆசான். வந்து நின்றதும் எஞ்சினில் என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். "மக்களே, பக்கெட்டு தரையில கெடக்கா?" இதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குள்ளேயே பாதி வேலை இருக்கிறது. ஓடும்போது இந்த வண்டி ஆபத்தானது என்று யாருக்கும் சொல்ல வேண்டாம், எல்லாரும் விலகித்தான் நிற்பார்கள். எஞ்சினை அணைத்ததும் அந்தப் பயம் போய்விடுகிறது. ஆனால் அணைத்த வண்டிக்குள்ளும் பலம் அடைபட்டுக் கிடக்கிறது: மேலே தூக்கி நிற்கும் பக்கெட்டில், ஓஸுக்குள் நிற்கும் ஆயிலில், டிராக்கைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிக்கும் ஸ்பிரிங்கில், பாட்டரியில், சூடு ஆறாத ரேடியேட்டரில். அதையெல்லாம் முதலில் இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கணும்.

முதலில் இடம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. பெரிய வேலையைத் தை கழிந்து வைத்துக்கொள்வதுதான் நல்லது. மழை விட்டு இரண்டு நாள் ஆனால் செம்மண் மேலே காய்ந்த மாதிரி இருக்கும். ஜாக்கியை வைத்து நாலு அடி அடித்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் கீழே இறங்கும். நான் ஒரு மூலையில் ஜல்லி கொட்டி இடித்துச் சமமாக்கி வைத்திருக்கிறேன். ஜாக்கிக்கு அடியில் கனமான இரும்புத் தகடு, அதன் மேல் தடி.

தடி என்றதும் ஒன்று சொல்லணும். ரப்பர் நாட்டில் ரப்பர் தடி சும்மா கிடைக்கும். முட்டுக் கொடுக்க அதைத் தொடவே கூடாது. வெட்டிப் போட்ட சில வாரத்திலேயே பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். வெளியே பார்த்தால் உருப்படியாக இருக்கும். அயினி, புளி, இல்லையென்றால் பழைய ரயில் ஸ்லீப்பர், இவைதான் சரி. ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் கூடவே கூடாது. மரம் ஒடியும் முன்னால் முனகும், நமக்கு நகர ஒரு நொடி கிடைக்கும். கல் சொல்லாமல் நொறுங்கும். தடிகளை ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாகப் பெட்டி போல அடுக்கணும். அடுக்கின் உயரம் அகலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

லோடர் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு குறுக்குவழி தெரியும். பக்கெட்டைத் தரையில் ஊன்றி அழுத்தினால் வண்டியின் முன்பக்கம் தானாக எழும்பும். நானும் அப்படித்தான் தூக்குகிறேன். ஆனால் அது தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஒரு ஓஸ் வெடித்தாலோ, கண்ட்ரோல் வால்வுக்குள் கசிந்தாலோ, யாராவது லிவரில் கை வைத்தாலோ வண்டி அப்படியே உட்காரும். தூக்கினதும் அடுக்கு வைத்து, வண்டியை அதன் மேல் இறக்கிவிட்டு, பக்கெட்டில் பாரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அடியில் ஆள் போகலாம்.

பக்கெட்டைத் தாங்கும் கையான ஆர்ம் மேலே நிற்கும்போது செய்ய வேண்டிய வேலை சிலது உண்டு. அதற்கு, ஆர்மைத் தூக்கும் சிலிண்டர் ராடின் மேல் கவிழ்த்து, இரும்பு முளையான 'பின்' ஒன்றைப் போட்டு மாட்டும் லாக் வரும். பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், இரும்புக் கடைக்கே போயிருக்கும். என் வண்டிக்கு லேத்தில் கனமான சேனலில் அளவெடுத்துச் செய்தேன். சிலிண்டர் தலைக்கும் ராடின் கண்ணுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் அது உட்காரணும். நடுவில் ஒட்டுப்போட்ட துண்டுக் குழாய் அந்த எடைக்கு ஆகாது.

இந்த வகை வண்டியின் அமைப்பே கொஞ்சம் வம்பானது. ஆரம்ப காலத்தில் இது தனி வண்டி இல்லை. செயின் டிராக்டரில் மாட்டும் ஒரு கருவிதான். கேட்டர்பில்லர் டிராக்டர்களுக்கு அதைச் செய்துவந்த டிராக்ஸன் என்ற கம்பெனியை 1951-இல் கேட்டர்பில்லரே வாங்கியது. 1955-இல் 955 என்ற லோடர் வந்தது. டிராக்டரிலிருந்து பிறந்த வடிவம் என்பதால் பழைய லோடர்களில் எஞ்சின் முன்னால், டிரைவர் பின்னால், ஆர்ம் இரண்டும் ஆளுக்கு முன்னால் பாடியை ஒட்டியே ஏறி இறங்கும். ஏறுகிற வழியும் அதன் பக்கத்திலேயே. ஆர்முக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம்தான் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஒருவர் சீட்டிலும் இன்னொருவர் பக்கவாட்டில் நின்றுகொண்டும் "கொஞ்சம் தூக்கு, கொஞ்சம் இறக்கு" என்று பின் ஏற்றுவதை இங்கே பல இடத்தில் பார்த்திருக்கிறேன். பின் ஓட்டை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார்கள். விரலை விடாதீர்கள், ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.

எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பெல்லி கார்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடியில் கல் அடிக்காமல் இருக்கப் போட்ட கனத் தகடு அது. வெறும் தகடே ரெண்டு ஆள் தூக்கத் திணறும். அதற்குள் மண், ஆயில், சருகு எல்லாம் சேர்ந்து கெட்டியாகி உட்கார்ந்திருக்கும். கடைசி போல்ட் கழன்றதும் அவ்வளவும் ஒன்றாக வரும், நாம் மல்லாந்து படுத்திருக்கும் நெஞ்சுக்கு நேராக. ஆகவே முதலில் டிராலி ஜாக்கியைத் தகட்டுக்கு முட்டுக் கொடுங்கள். ஒரு பக்கத்து போல்ட்டுகளை முழுக்கக் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, மற்றப் பக்கத்தைக் கழற்றிச் சரித்து மண்ணைக் கம்பியால் குத்தி விழ வையுங்கள். உள்ளே கையை விடும் முன் டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. தோட்டத்தில் நின்ற வண்டி என்றால் தேள் இருக்கும். சில நேரம் பாம்பும் இருக்கும்.

அந்தச் சருகு இன்னொரு விதத்திலும் எமன். மார்கழி, தையில் ரப்பர் இலை உதிரும். காய்ந்த இலை ரேடியேட்டர் முகத்திலும் எஞ்சினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்கு அடியிலும் போய்ச் சேரும். அதன் மேல் டீசலோ ஆயிலோ சொட்டினால் பிறகு சொல்ல வேண்டியதில்லை. நாம் பெரிய வேலையை வைத்துக்கொள்கிற காலமும் அதையொட்டியே வருவதால் வெல்டிங் வைக்கும் முன் வண்டியைக் கழுவி, கம்ப்ரஸர் காற்றால் ஊதிவிட்டுத்தான் பற்ற வைக்கணும். தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் ஒன்றும் ஒரு குடம் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் சருகுக்கு, பவுடர் ஆயிலுக்கு. வெல்டிங்குக்கு முன் பாட்டரி ஒயரைக் கழற்றுவதோடு, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் துண்டிலேயே போடுங்கள். பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைக்கும்போது எர்த்தைப் பாடியில் எங்கோ மாட்டினால் கரண்ட் பின், அதைச் சுற்றியுள்ள குழாய் வளையமான புஷ், பேரிங் எல்லாவற்றையும் கடந்துதான் திரும்பும்; பேரிங் முகத்தில் பொட்டுப் பொட்டாகச் சுட்டு வைக்கும்.

டிராக் வேலைக்கு வருவோம். செயின் வண்டிப் பராமரிப்புச் செலவில் பாதியை அடிப்பாகமே தின்றுவிடும் என்று தொழிலில் சொல்வார்கள். என் கணக்கும் அதைத் தப்புச் சொல்லவில்லை. டென்ஷன், அதாவது டிராக்கின் இறுக்கம், பார்க்க வண்டியைச் சமதளத்தில் மெதுவாக முன்னால் ஓட்டி, பிரேக் பிடிக்காமல் தானாக நிற்க விடணும். டிராக்கை மேலே தாங்கும் ரோலருக்கும் முன்னால் அதைத் திருப்பும் சக்கரமான ஐட்லருக்கும் நடுவில் டிராக்கின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தைப் படுக்க வைத்து, நடுவில் எவ்வளவு தொங்குகிறது என்று அளக்கணும். பழைய லோடர்களுக்குப் பொதுவாக 25 முதல் 40 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. நம் செம்மண், டிராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்குள் அடைந்தால் டிராக் தானாக இறுகும். அதனால் கழுவிச் சுத்தமாக வைத்து டைட் செய்துவிட்டுச் சேற்றில் இறக்கினால், புஷ்ஷும் ஸ்பிராக்கெட் பல்லும் ஒன்றையொன்று அரைத்துத் தின்னும். வேலை செய்கிற மண்ணிலேயே டென்ஷன் வைக்கச் சொல்வது அதனால்தான்.

கிரீஸ் வைத்து டைட் செய்யும் அட்ஜஸ்டராக இருந்தால், டைட் பண்ணுவது எளிது. லூஸ் பண்ணுவதுதான் கவனம் வேண்டிய வேலை. சிலிண்டருக்குள் கிரீஸ் பயங்கர அழுத்தத்தில் நிற்கும். வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது. எதிரே முகத்தை வைத்துக் கிரீஸ் வருகிறதா என்று குனிந்து பார்க்கவே கூடாது. பக்கவாட்டில் நின்று டிராக் தளர்கிறதா என்று பாருங்கள். திறந்தும் தளரவில்லை என்றால் மேலும் திருகாமல் வால்வை மூடிவிட்டு, தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அவசரத்தில் வால்வை முழுக்கக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும்.

டிராக்கைப் பிரிக்க, அதன் இரண்டு நுனியையும் இணைக்கும் மாஸ்டர் பின்னைத் தட்டி எடுக்கணும். வேலைக்கு வந்திருந்த ஒரு பையன் கண்ணாடி கூடப் போடாமல், இரும்புக் கம்பியை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். ஆசான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதோ நாலாவதோ அடியில் 'டிங்' என்று ஒரு சத்தம். யாருக்கும் எதுவும் படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பத்தடி தள்ளி நின்ற ரப்பர் மரத்தில் ஆள் நெஞ்சு உயரத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தோம்: பின் தலையிலிருந்து தெறித்த நகக்கண் அளவுச் சில்லு, உள்ளே மரம் வரைக்கும் இறங்கியிருந்தது. ஆசான் டீயைக் கீழே வைத்துவிட்டு, "இது ஒனக்க கண்ணுல கேறியிருந்தா நான் ஒனக்க அம்மைக்கிட்ட என்னத்தச் சொல்ல?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு பித்தளைத் தண்டு இல்லாமல் எங்கள் முற்றத்தில் பின் தட்டியதில்லை. பின் கடினமாக்கின எஃகு, சம்மட்டியும் அப்படியே. இரண்டும் நேருக்கு நேர் மோதினால் ஒன்று சில்லாகும். நடுவில் மெதுவான உலோகம் வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், பின்னுக்கு நேர்கோட்டில் எந்தப் பக்கமும் ஆள் நிற்கக் கூடாது. பின் வெளியே வந்ததும் டிராக்கின் மேல் நுனி தன் எடையில் சரசரவென்று இறங்கும். அதற்குச் செயின் பிளாக் போட்டுப் பிடித்தோ தடி வைத்தோ முன்னமே ஏற்பாடு செய்யணும்.

ஐட்லருக்குப் பின்னால் இருக்கும் ரீகாயில் ஸ்பிரிங்கை வீட்டில் பிரிக்காதீர்கள். டன் கணக்கான அழுத்தத்தில் அதை அடக்கிப் போல்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கென்று பிரஸ்ஸும் கூண்டும் இருக்கிற இடத்துக்கு அசெம்பிளியோடு கழற்றி அனுப்பிவிடுங்கள். ஆசானே அதைத் தொட மாட்டார்.

ஹைட்ராலிக் பக்கம் ஒரே ஒழுங்குதான். பக்கெட் தரையில், எஞ்சின் அணைந்தது, லிவர்களை எல்லாப் பக்கமும் பல தடவை ஆட்டி அழுத்தத்தை விடுவது, டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து காற்றை விடுவது. பிறகுதான் ஓஸ். பழைய லோடரில்கூட ஆயில் அழுத்தம் 2000 பி.எஸ்.ஐ. சுற்றில் வரும். ஓஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் அதிலிருந்து வருவது கண்ணுக்கே தெரியாது, புகை மாதிரி இருக்கும். விரலால் தடவிக் கண்டுபிடிக்கப் பார்த்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். இன்ஜெக்டர் நாசிலைச் சோதிக்கும்போதும் இதே கதை. அப்படித் தோலுக்குள் ஆயில் ஏறினால் வெளியே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் குறைவு. உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டி மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தால் விரலோ கையோ போய்விடும். நேரே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மாதிரி அறுவை சிகிச்சை வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தில் ஆயில் உள்ளே ஏறியிருக்கு" என்று வார்த்தையாகச் சொல்லுங்கள். காயத்தைப் பார்த்து மட்டும் யாருக்கும் அது தெரியாது.

சிலிண்டருக்கு சீல் கிட் மாற்றும்போது பிஸ்டன் வெளியே வராமல் அடம் பிடிக்கும். கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துத் தள்ளுவது இங்கே வழக்கம். செய்யாதீர்கள். காற்று அமுங்கி நின்று, பிஸ்டன் விட்டுக்கொடுத்த நொடியில் ராடோடு பறக்கும்.

செல்ஃப் எடுக்காத வண்டியை, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சோலனாய்டில் ஸ்க்ரூ டிரைவர் வைத்து ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் செய்வது இன்னொரு கெட்ட பழக்கம். அப்படிச் செய்யும் ஆள் நிற்கிற இடம் பெரும்பாலும் டிராக்குக்கு முன்னாலேயோ மேலேயோதான். வண்டி கியரில் கிடந்தால் அது முதலில் ஏறுவது அவர் மேல்தான். கியரில் கிடந்தால் ஸ்டார்ட் ஆக விடாத நியூட்ரல் சுவிட்சைச் சரிசெய்ய ஆகிற செலவு சொற்பம். சீட்டில் உட்கார்ந்துதான் ஸ்டார்ட் செய்யணும். வேலை நேரத்தில் பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, முனையில் ஒரு துணியைச் சுற்றி வைத்துவிடுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் சாவி நம் பையில் இருக்கட்டும்.

உடுப்பைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். சாரம் (கைலி) உடுத்து, தோளில் தோர்த்தும் (துண்டும்) போட்டுக்கொண்டு ஓடுகிற எஞ்சின் பக்கம் போகாதீர்கள். ஃபேன் பெல்ட் தோர்த்தைத்தான் முதலில் பிடிக்கும், அடுத்தது கழுத்து. பேண்டும் ஷூவும் போட்டுக்கொள்ள வெயிலைக் காரணம் சொல்லக் கூடாது. பழைய கிளட்ச், பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

மழைக்காலத்தில் நிறுத்தி வைப்பவர்கள் சைலன்சர் வாயைப் பழைய பெயிண்ட் டப்பாவால் மூடுங்கள். திறந்து கிடந்தால் தண்ணீர் சிலிண்டர் வரைக்கும் இறங்கும். அது தெரியாமல் ஸ்டார்ட் அடித்தால் கனெக்டிங் ராட் வளையும். நாள்பட நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பதும், ஆயில் பால் நிறமாக இருந்தால் தொடாமல் விடுவதும், எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதும் அதற்காகத்தான். எடுத்த கழிவு ஆயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு. மூடி போட்ட கேனில் சேர்த்து வைத்தால் அதை எடுக்கிறவர்கள் வருவார்கள். சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்டும் வருவார்கள்.

இப்போது என் வண்டியில் வலது ஸ்பிராக்கெட்டின் பல் கூராகிவிட்டது. அதை மட்டும் மாற்றலாம் என்று கடையில் சொன்னார்கள். தேய்ந்த புஷ்ஷோடு புதுப் பல்லைச் சேர்த்தால் புதுசும் சீக்கிரம் தேயும். ஆகவே வருகிற மாசியில் டிராக்கை முழுக்க இறக்கி, பின்னையும் புஷ்ஷையும் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு, கூடவே ஸ்பிராக்கெட்டையும் மாற்றப் போகிறேன். புஷ்ஷின் தேயாத பக்கம் பல்லுக்கு வரும், செயினுக்கு இன்னொரு ஆயுசு கிடைக்கும். அந்தத் திருப்புகிற வேலைக்குப் பெரிய பிரஸ் வேண்டும், அது முற்றத்தில் நடக்காது. டிராக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும் என் வேலை. நடுவில் உள்ளது பிரஸ் வைத்திருப்பவர் வேலை. டிராக்கைத் தூக்கி ஏற்ற மினி லாரிக்கும் கிரேனுக்கும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.